முளையிலே கண்டறிந்த வரலாறு

மாணவ மாணவியரே, இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவுடன் சில வீடுகளில் வானொலிப் பெட்டியின் ஒலி குறைக்கப்படலாம். அருள்கூர்ந்து குறைக்கவேண்டா. பெண்களுக்கு வரும் கருப்பைவாய்ப் புற்றுநோயை, அது நோயாக முற்றுவதற்கு முன்பே கண்டறியும் முறை ஒன்று உண்டு. அம்முறை எவ்வாறு பிறந்தது, பிறந்த பின் ஏன் இத்தனை மெதுவாக நடைபோட்டது என்பதே நான் சொல்லவந்த வரலாறு.

முதலில் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்றவன் நான். வரலாறே என் பாடம். எனினும் அறிவியல் ஆசிரியர் விடுப்பில் சென்ற நாள்களில் அவர் வகுப்பையும் எடுத்ததுண்டு. இனப்பெருக்கம் பற்றிய பாடம் வந்தால், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவேன். வீட்டில் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? என் வீட்டில் எவரும் சொல்லவில்லை. 1978-ஆம் ஆண்டு நான் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது என் அத்தை இறந்தார். மாதவிடாய் நின்று பல ஆண்டுகளுக்குப் பின் அவருக்கு மீண்டும் உதிரப்போக்கு ஏற்பட்டிருக்கிறது. ஓராண்டு காலம் அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லிய பின்னும் வீட்டில் அந்நோயின் பெயரை எவரும் உச்சரிக்கவில்லை; "வயிற்றில் கட்டி" என்றே எனக்குக் கடிதம் வந்தது. அது கருப்பைவாய்ப் புற்று என்று நான் அறிந்ததே நெடுநாள் கழித்துத்தான்.

கருப்பை எப்படி இருக்கும் என்பதை வரைந்து காட்ட இங்கே கரும்பலகை இல்லை. சொல்லாலேயே வரைகிறேன். கருப்பையைத் தலைகீழாகப் பிடித்த சிறு குடுவை என்று எண்ணிக்கொள்ளுங்கள். குடுவையின் கழுத்துப் பகுதி கீழ்நோக்கி, பிறப்புறுப்பின் உட்பாதைக்குள் சற்றே நீட்டிக்கொண்டிருக்கும். அதுவே கருப்பைவாய். அதன் மேற்பரப்பை மூடியுள்ள உயிரணுக்கள், நம் தோலின் மேற்புரை உதிர்வதைப்போல, ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே ஒளிந்துள்ள ஈரலையோ கணையத்தையோ நாம் எளிதில் எட்ட முடியாது. கருப்பைவாயையோ சிறு கருவி கொண்டு கண்ணால் பார்க்கலாம். உதிரும் உயிரணுவை எடுத்து ஆராயலாம். மேலும் அங்கே தோன்றும் புற்று ஒரே நாளில் தோன்றுவதன்று. உயிரணுக்கள் சிறிது மாறி, பின்னர் மேலும் மாறி, புற்றாகிப் பரவப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகின்றன. கையெட்டும் இடம், நெடிய கால அவகாசம் என்ற இந்த இரண்டும் சேர்ந்து வாய்த்த புற்றுநோய்கள் மிகச் சிலவே.

இந்த அவகாசத்தைப் பயன்படுத்தும் வழியைக் கண்டவர் புற்றுநோயைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். கிரேக்க நாட்டு ஈவியா தீவில் கிமி என்னும் ஊரில் 1883-இல் பிறந்தவர் ஜார்ஜ் பாப்பனிகோலா. தந்தை மருத்துவர். மகனும் ஏதென்சு நகரில் மருத்துவம் கற்று 1904-இல் பட்டம் பெற்றார். ஆயினும் நோயாளிகளைப் பார்த்துப் பொருளீட்டுவதில் அவருக்கு மனம் செல்லவில்லை. ஜெர்மனிக்குச் சென்று, 1910-இல் மியூனிக்கில் விலங்கியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஆண்ட்ரோமகி என்னும் மேரியை மணந்தார். இந்த அம்மையாரை மறவாமல் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1913-இல் கணவனும் மனைவியும் நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அவர்கள் கையில் இருந்தது ஏறத்தாழ 250 டாலர். ஆங்கிலமும் வசப்படவில்லை. இரண்டு பட்டங்கள் பெற்றவர் ஒரு பேரங்காடியில் கம்பளம் விற்க நின்றார். உணவுவிடுதிகளில் வயலின் வாசித்தார். கிரேக்கச் செய்தித்தாள் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தார். மேரி துணிகளுக்குப் பொத்தான் தைத்தார். மறு ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றுத் துறையில் ஓரிடம் கிடைத்தது. அங்கே அவருக்கு வாய்த்தவை கினிப்பன்றிகள். பெயரில்தான் பன்றி, உருவத்தில் முயலினும் சிறிய சாதுவான பிராணி.

பெண் கினிப்பன்றியின் முட்டை ஒரு குறிப்பிட்ட வளர்ச்சி நிலையில் அவர் ஆராய்ச்சிக்கு வேண்டியிருந்தது. அந்த நிலை எந்நாளில் வரும் என்று வெளியிலிருந்து அறிய வழியில்லை. விலங்கைக் கொன்று பார்த்தால், நாள் தவறிவிட்டது என்று தெரியவரும், உயிர் வீணாகும். மனிதப் பெண்ணுக்கு மாதவிடாய் உண்டெனில் பிற பாலூட்டிகளுக்கும் அதுபோன்ற ஏதேனும் ஒரு சுழற்சி, கண்ணுக்குத் தெரியாத அளவில், இருக்கவேண்டும் அன்றோ? இப்படி எண்ணிய அவர், மூக்கின் உட்புறத்தைப் பார்க்கப் பயன்படும் சிறு கருவி ஒன்றை வாங்கினார். அதைக் கொண்டு நாள்தோறும் சிறிதளவு கசிவை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தார். உயிரணுக்களின் உருவம் நாளுக்கு நாள் ஓர் ஒழுங்கின்படி மாறக் கண்டார். 1917-இல் துறைத் தலைவர் ஸ்டாக்கர்டுடன் சேர்ந்து இதனை வெளியிட்டார். உடலின் சுரப்புநீர்களைப் பற்றி ஆராய்ந்தோர்க்கு அது பெருந்துணையாயிற்று.

அடுத்த வினா இயல்பாகவே எழுந்தது. மனிதரில் இது எப்படி? இதற்கு நாள்தோறும், ஆண்டுக்கணக்கில், ஒரு பெண் தன் உயிரணுக்களைத் தரவேண்டும். யார் தருவார்? மேரி தந்தார். கணவரின் ஆய்வுக்கூடத்தில் ஊதியமின்றி உதவியாளராகவும் இருந்த அவ்வம்மையார், பல ஆண்டுகள் தாமே ஆய்வுப்பொருளாகவும் இருந்தார். நூல்கள் இச்செய்தியை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. பெண்ணுடலில் இயல்பு எது என்று உலகுக்குக் காட்டிய முதல் தகடுகளுள் பெரும்பகுதி ஒரே பெண்மணியுடையவை என்பதை நான் ஒரு வரியில் கடக்க விரும்பவில்லை. இயல்பு எது என்று தெரிந்தால்தானே இயல்பல்லாதது கண்ணில் படும்?

1920-களின் நடுவில் நியூயார்க் மருத்துவமனைக்கு வந்த பெண்களிடமிருந்தும் அவர் இவ்வாறு பூச்செடுத்தார். அவர்களுள் ஒருத்திக்குக் கருப்பைவாய்ப் புற்று இருந்தது. அவளுடைய தகட்டில் புற்றணுக்கள் தெளிவாகத் தெரிந்தன. நல்ல உயிரணுவை அகன்ற தட்டின் நடுவே வைத்த ஒரு மிளகு என்று கொள்ளுங்கள், மிளகுதான் உட்கரு. புற்றணுவோ சிறு கிண்ணத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் எலுமிச்சம்பழம் போன்றது. உட்கரு பருத்து, கறுத்து, ஒழுங்குகெட்டு இருக்கும். அவற்றை முதன்முதலாகக் கண்டது தம் வாழ்வின் பெருங்கிளர்ச்சிகளுள் ஒன்று என்று பாப்பனிகோலா பின்னாளில் குறித்திருக்கிறார்.

1928 சனவரியில், மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் நகரில் கூடிய ஒரு மாநாட்டில் அவர் இதனைத் தெரிவித்தார். 'இனமேம்பாடு' என்று, இன்று நாம் நாணத்தக்க பெயர் தாங்கிய மாநாடு அது. கேட்டவர்கள் அசையவில்லை. சதைத்துணுக்கை வெட்டியெடுத்து ஆராயும் வழி இருக்க, உதிர்ந்த அணுவைப் பார்ப்பானேன் என்றனர். நோய் வந்தபின் அதனை உறுதிசெய்வதற்கு அவர்கள் சொன்னது சரியே. நோய் இன்னதென்று தெரியாத, நலமாக நடமாடும் பெண்ணிடம் அதனைத் தேடுவது என்ற எண்ணமே அன்று எவர் மனத்திலும் உருவாகவில்லை. பாப்பனிகோலாவின் மனத்திலும் அது அப்போது முழுமையாக உருவாகியிருந்ததா என்பது எனக்கு ஐயமே.

இதே காலத்தில் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் ஆரெல் பாபேஷ் என்னும் மருத்துவர், பிளாட்டினக் கம்பி வளையத்தால் கருப்பைவாயிலிருந்து உயிரணுக்களை எடுத்துப் புற்றைக் கண்டுகொண்டிருந்தார். 1927-இல் தம் நாட்டு மருத்துவர் கழகத்தில் எடுத்துரைத்து, மறு ஆண்டு பாரிசு இதழொன்றில் எழுதவும் செய்தார். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. இன்று அச்சோதனை பாப்பனிகோலாவின் பெயரால் 'பாப்' சோதனை என்றே உலகெங்கும் வழங்குகிறது. ருமேனியர் மட்டும் பாபேஷின் பெயரையும் சேர்த்தே சொல்கின்றனர். அவர்களைக் குறைகூற இயலாது.

பத்தாண்டுகளுக்கு மேல் அம்முறை உறங்கிற்று. 1939-இல் கார்னெலில் புதிய தலைவர் ஊக்கம் தந்தார். ஹெர்பர்ட் டிராட் என்னும் மகளிர் மருத்துவர் உடன் சேர்ந்தார். நியூயார்க் மருத்துவமனையின் மகளிர் பிரிவில் சேர்ந்த ஒவ்வொரு பெண்ணிடமும், நோய் எதுவாயினும், பூச்சு எடுக்கப்பட்டது. அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. எவ்வித அறிகுறியும் இல்லாத, கண்ணுக்கும் கைக்கும் புலப்படாத தொடக்கநிலைப் புற்றுகள் தகட்டில் புலப்பட்டன. 1941-இல் கட்டுரையும், 1943-இல் நூலும் வெளிவந்தன. அந்நூலின் வண்ணப் படங்களை வரைந்தவர் ஹாஷிமே முராயாமா, ஜப்பானில் பிறந்தவர், நேஷனல் ஜியாகரபிக் இதழுக்கு மீன்களை வரைந்து புகழ்பெற்றவர். அமெரிக்காவும் ஜப்பானும் போரிட்டுக்கொண்டிருந்த அவ்வாண்டுகளில், புற்றணுவின் உருவத்தை அமெரிக்க மருத்துவர்களுக்கு அறிமுகப்படுத்தியது ஒரு ஜப்பானியரின் தூரிகை. 1947-இல் கனடாவின் ஏர் என்பவர் மரத்தாலான சிறு துடுப்பொன்றை உருவாக்கினார். அதனால் வழித்தெடுப்பது எளிதாயிற்று.

இனி வரலாற்றின் மற்றொரு பகுதி தொடங்குகிறது. கண்டுபிடிப்பு ஒன்று, அதனைக் கோடிக்கணக்கான பெண்களிடம் கொண்டுசேர்ப்பது வேறொன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1949-இல் தொடங்கியது. 1960-களில் பின்லாந்தும் பிரிட்டனும் தொடங்கின. இவ்விரு நாடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சோதனை ஒன்றே, துடுப்பும் ஒன்றே. பின்லாந்து, குறிப்பிட்ட வயதுப் பெண்களின் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் அழைப்புக் கடிதம் அனுப்பியது. வரவில்லையெனில் மீண்டும் கடிதம். சில பத்தாண்டுகளில் அங்கே இந்நோய் முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. பிரிட்டனிலோ, மருத்துவரிடம் வேறு எதற்கோ வந்த பெண்ணுக்குச் சோதனை நடந்தது. மகப்பேற்றுக்கும் குடும்பநல ஆலோசனைக்கும் வரும் இளம் பெண்கள் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டனர். ஆபத்து மிகுந்த நடுவயதுப் பெண்கள் ஒருமுறைகூட வரவில்லை. இலட்சக்கணக்கான தகடுகள் பார்க்கப்பட்டும் இறப்பு எதிர்பார்த்த அளவு குறையவில்லை. 1988-இல் கணிப்பொறியின் துணையுடன் பட்டியலிட்டு அழைக்கத் தொடங்கிய பின்னரே அங்கும் நோய் விரைந்து தணிந்தது. இருபது ஆண்டு இடைவெளிக்குக் காரணம் ஓர் அஞ்சலுறை என்றால் மிகையாகாது.

கண்டபின் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துத் தேசிய மகளிர் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்னும் மருத்துவப் பேராசிரியர், புற்றுக்கு முந்தைய மாற்றம் புற்றாக முற்றாது என்று நம்பினார். 1966 முதல், அம்மாற்றம் கண்ட பெண்கள் பலருக்கு முழுச் சிகிச்சை அளிக்காமல் கண்காணித்து மட்டும் வந்தார். தாங்கள் ஓர் ஆராய்ச்சிக்கு உட்பட்டிருப்பது அப்பெண்களுக்குத் தெரியாது. பலருக்கு நோய் முற்றியது, சிலர் இறந்தனர். அம்மருத்துவமனையின் மருத்துவர்களே 1984-இல் உண்மையைக் கட்டுரையாக வெளியிட்டனர். 1987-இல் சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்ற இரு பெண்மணிகள் ஓர் இதழில் எழுதிய பின்னரே நாடு விழித்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988-இல் அறிக்கை தந்தார். அதன் விளைவாகவே அந்நாட்டில் முறையான சோதனைத் திட்டம் பிறந்தது. பள்ளி நூல்களில் கண்டுபிடிப்பாளர் வரலாற்றை மட்டும் படிக்கும் உங்களுக்கு இதையும் சொல்வது என் கடமை.

நோய்க்குக் காரணம் இன்னதென்று அப்போதுதான் தெளிவாகிக்கொண்டிருந்தது. ஜெர்மானியரான ஹரால்ட் ட்சுர் ஹவுசன், 1983, 1984 ஆண்டுகளில், மனிதப் பாப்பிலோமா வைரசின் 16, 18 என்னும் இரு வகைகளை இப்புற்றில் கண்டார். இதற்காக 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவின் வழிப் பரவும் மிகச் சாதாரணமான வைரஸ் இது. பெரும்பாலோர் உடலில் ஓரிரு ஆண்டுகளில் தானே மறைந்துவிடும். மறையாமல் நிலைத்துவிட்ட சிலரிடமே ஆபத்து. ஆகவே இந்நோயை ஒரு பெண்ணின் ஒழுக்கத்தோடு முடிச்சுப்போட்டுப் பேசுவது அறியாமை. தடுப்பூசி 2006-இல் வந்தது.

இதுவரை நான் சொன்ன நாடுகளெல்லாம் செல்வ நாடுகள். பாப் சோதனைக்குத் தகட்டைப் படிக்கப் பயின்ற கண்கள் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், முடிவு வந்தபின் அப்பெண் மீண்டும் வரவேண்டும். கூலிக்குச் செல்லும் பெண் ஒரு நாள் ஊதியத்தை இழந்து ஒருமுறை வருவதே அரிது. மறுமுறை எங்கே வருவாள்? இவ்விடத்தில் நம் சமையலறைப் பொருள் ஒன்று கைகொடுத்தது. காடி, அதாவது வினிகர். அதில் உள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பைவாயில் தடவினால், மாறுதலுற்ற உயிரணுக்கள் உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெளிறி வெண்மையாகும். ஐரோப்பிய மருத்துவர்கள் 1930-களிலேயே இதை அறிந்திருந்தனர். பெருக்கிக் காட்டும் கருவி இன்றி, பயிற்சி பெற்ற செவிலியர் வெறுங்கண்ணால் பார்த்தே சொல்லமுடியுமா, சொன்னால் உயிர் காக்குமா என்பதே வினா.

அவ்வினாவுக்கு விடை தேடிய இடங்களுள் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டம். ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள மருத்துவ நிலையமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் பிறருடன் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கின. 114 ஊராட்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, 57 ஊராட்சிகளில் 30 முதல் 59 வயதுள்ள பெண்கள் காடிச் சோதனைக்கு அழைக்கப்பட்டனர். அழைப்புக்கு உரிய 49,311 பேரில் 31,343 பேர் வந்தனர். மாற்றம் காணப்பட்டவர்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியரே குளிர்வாயுவால் அவ்விடத்தை உறையவைத்துச் சிகிச்சையும் செய்தனர். மற்ற 57 ஊராட்சிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே இருந்தது. 2007-இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. சோதனை நடந்த ஊர்களில் நோய் நூற்றுக்கு 25 பங்கும், இறப்பு நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தன. ஆய்வுக்கூடம் இல்லை, தகடு இல்லை. ஒரு விளக்கு, பஞ்சு, காடி, செவிலியரின் கண் ஆகியவையே கருவிகள்.

சோதனை நடவாத ஊர்களின் பெண்களை அப்படியே விட்டது அறமா என்று பிற்காலத்தில் சிலர் வினவினர். வினவியது நியாயமே. ஆக்லாந்தை அறிந்தவர் கேட்காமல் இருக்கமுடியாது. ஒப்பிடாமல் உண்மை தெரியாது என்று ஆய்வாளர் சொல்வதிலும் பொருளுண்டு. இதில் முடிவான விடை என்னிடம் இல்லை. வகுப்பறையில் நீங்களே வாதிட்டுப் பாருங்கள். வரலாற்று ஆசிரியர் மறுக்கமாட்டார்.

தமிழக அரசு 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் 30 வயது கடந்த பெண்களுக்கு இச்சோதனையைக் கொண்டுசென்றது. ஆயினும் 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களுள் என்றேனும் ஒருமுறை கருப்பைவாய்ச் சோதனை செய்துகொண்டவர் நூற்றுக்குப் பத்துப் பேரை எட்டவில்லை. இந்தியா முழுவதும் கணக்கிட்டால் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. வசதி இல்லாமை ஒரு காரணம். மற்றொரு காரணத்தை நான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். என் அத்தை ஓராண்டு வாய்திறவாமல் இருந்த காரணம் அது.

இப்போது வைரசையே நேரடியாகத் தேடும் சோதனை வந்துவிட்டது. அதற்கு வேண்டிய கசிவை ஒரு பெண் திரைமறைவில் தானே எடுத்துக் கொடுக்கலாம், மற்றவர் பார்க்கவேண்டியதில்லை. 2021-இல் உலக நல நிறுவனம் அதனையே முதற்சோதனையாகப் பரிந்துரைத்தது. அதற்கு முந்திய ஆண்டே அந்நிறுவனம் ஓர் இலக்கை வகுத்திருந்தது. உலகில் நூற்றுக்கு எழுபது பெண்கள், 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் சோதிக்கப்படவேண்டும். இந்நிலையை 2030-க்குள் அடையவேண்டும் என்பது அது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருடைய தாய்மார் இன்று அந்த வயதில் இருக்கிறார்கள்.